எங்கள் வீட்டு லினக்ஸ்காரர்

என் வீட்டுக்காரர் சூசைமாணிக்கம் குடிக்கமாட்டார், சீட்டாட மாட்டார், ஞாயிறு பூசைக்குத் தவறமாட்டார். கல்யாணமான புதிதில் இதையெல்லாம் ஊர் முழுக்கச் சொல்லி என் அம்மா பெருமைப்பட்டாள். லினக்ஸைப் பற்றி யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. எனக்கும்தான்.

நான் ஆவூர்ப் பக்கம் டீச்சர். அவருக்குக் குளத்தூர் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சென்டர். கம்ப்யூட்டர்களை ஓட்ட முதலில் எல்லாரையும் போல விண்டோஸ்தான் வைத்திருந்தார். ஒரு வைகாசி முகூர்த்தத்தின்போது வைரஸ் புகுந்து, அடித்து வைத்திருந்த கல்யாணப் பத்திரிகைகள் அத்தனையும் போயின. பெண் வீட்டார் கடை வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினார்கள். அப்போது யாரோ கொடுத்த சிடியில் வந்து சேர்ந்தது இந்த லினக்ஸ். காசு கேட்காது, வைரஸ் அண்டாது, உலகத்துக்கே பொது என்பார். பிடித்தால் உடும்புப் பிடி. கடையில் மாதா படத்துக்குப் பக்கத்திலேயே அதன் சின்னத்தை ஒட்டி வைத்தார்.

"ஏங்க, மாதாவுக்குப் பக்கத்துல வாத்தா?" என்றேன்.

"வாத்து இல்ல புள்ள, பென்குவின்" என்றார், மெத்த மரியாதையாக.

எதிர்க்கடை ரத்தினவேல் விண்டோஸ்காரர். ஆயுத பூஜைக்குத் தன் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு எங்களுக்கும் பொரிகடலை கொடுத்தனுப்புவார். நல்ல மனுசர். ஆனால் டீக்கடையில் இரண்டு பேரும் சேர்ந்துவிட்டால் போச்சு.

"என்னண்ணே, ஒங்க லினக்ஸு பிரிண்டரக் கண்டா இன்னமும் மொறைக்குதாமே?"

"ஒன் விண்டோஸு மட்டும்? ஆள் அவசரமா நிக்கிறப்பதான் அப்டேட்டுன்னு சுத்திக்கிட்டுக் கெடக்கும்."

ரசிகர் மன்றம் வைத்துப் பாலூற்றாததுதான் பாக்கி. பிள்ளைகளுக்கு சர்க்கார் இலவச லேப்டாப் கொடுத்த வருஷங்களில் இவருக்குப் பித்தம் தலைக்கே ஏறிவிட்டது. அந்த லேப்டாப்பில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் இருக்கும். கொண்டுவரும் பிள்ளைகளுக்கெல்லாம் இவர் விண்டோஸைத் துடைத்துவிட்டு அனுப்புவார், அதுவும் சும்மாவே. கேம் ஓடவில்லை என்று பிள்ளைகள் அழுததும், அப்பாக்கள் இவரைத் திட்டிக்கொண்டே ரத்தினவேல் கடைக்குப் போய்த் திரும்பப் போட்டுக்கொள்வார்கள். எங்கள் மகள் ஷெரினின் லேப்டாப்பையும் அப்படித்தான் துடைத்தார். அவள் அழவில்லை. அவள் அப்பா கட்சி.

ஷெரின் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்ததும் சென்னையில் ஒரு கம்பெனி பரீட்சைக்குக் கூப்பிட்டது. இருந்த இடத்திலிருந்தே எழுதலாம். காப்பியடிக்கிறாளா என்று பார்க்க ஒரு சாப்ட்வேர் கேமரா வழியாகக் கண்காணிக்கும். பாஸானால் வேலை. ஒரே தடவைதான் எழுத விடுவார்கள். அந்த வேலையைச் சொல்லித்தான் அவள் மாப்பிள்ளைப் பேச்சையே தள்ளி வைத்திருந்தாள். அந்தப் பாழாய்ப்போன சாப்ட்வேர் விண்டோஸில் மட்டும்தான் ஓடுமாம்.

விஷயம் தெரிந்து ரத்தினவேலே வந்தார். "டீச்சர், பாப்பாவ நம்ம கடைக்கு அனுப்புங்க. உள் ரூமச் சாத்தித் தாரேன், ஈ காக்கா அண்டாது."

"போகட்டுங்க, ஒரு நாள்தானே" என்று இவரிடம் கெஞ்சினேன்.

"எம் மக அவன் பெட்டியில ஒக்காந்து எழுதணுமா? இங்கிட்டே ஓட வைக்கிறேன் பாரு."

ஓடவும் வைத்தார். ஒரு வீட்டுக்குள்ளேயே இன்னொரு குடித்தனம் வைப்பது மாதிரி, லினக்ஸுக்குள்ளேயே விண்டோஸைக் குடிவைத்தார். கம்பெனி அனுப்பிய மாதிரிப் பரீட்சை அதில் தடங்கல் இல்லாமல் நடந்தது. ஷெரின் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அப்பா சொன்னா ஓடும்மா. நீ சும்மா பயப்படாத."

பரீட்சையன்று கடைக் கதவைச் சாத்திவிட்டு நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்றோம். நான் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் உள்ளேயிருந்து "அப்பா!" என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பு. ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்று ஒளிந்திருப்பதை அந்தச் சாப்ட்வேர் மோப்பம் பிடித்து, காப்பியடிக்கச் செய்த ஏற்பாடு என்று முடிவுகட்டிவிட்டது. முறைகேடு, தேர்வு ரத்து, இனி விண்ணப்பிக்க முடியாது என்று போட்டிருந்தது.

"நா ஒண்ணுமே பண்ணலப்பா" என்றாள்.

"தெரியும்மா, தெரியும்மா" என்று அதையே சொல்லிக்கொண்டு நின்றார்.

மெயில் மேல் மெயில் போட்டார். தீர்ப்பு இறுதியானது என்று ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தது. மனுசர் யாரும் படித்த மாதிரியே தெரியவில்லை. பக்கத்துப் பிள்ளையின் பேப்பரை ஒரு நாளும் எட்டிப் பார்க்காதவள் என் மகள். அவளுக்கா இந்தப் பேர்? அவர்மேல் பாய்ந்தேன். "வெண்ணெயக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலைய விட்டீங்களே! அவ லேப்டாப்புலயே இருந்த விண்டோஸத் தொடச்ச கை இதுதானே? இனிமே ஒங்க வாத்தக் கட்டிக்கிட்டு அழுவுங்க!"

அது வாத்து இல்லை என்று அவர் சொல்லவில்லை.

அதற்குப் பின் வேறு இரண்டு இடங்களுக்கு எழுதிப் போட்டாள். ஒன்றும் வரவில்லை. இப்போது ரத்தினவேல் கடையில் உட்கார்ந்து சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் விண்ணப்பம் பதிகிறாள். ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை யாராயிருந்தாலும் சரி என்று அவள் சொன்ன தொனி எனக்குப் பிடிக்கவே இல்லை.

போன வாரம் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகத்தான் கடைத்தெருவுக்குப் போனோம். அவர் முன்னால் போய்க் கடையைத் திறந்தவர், சிறு பிள்ளை மாதிரி ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஷெரின், ஓடுதும்மா! எதுனால மாட்டுச்சுன்னு கண்டுபிடிச்சிட்டேன். இனிமே அதால மோப்பம் பிடிக்கவே முடியாது. வந்து பாரு!"

அதே சாப்ட்வேர் லினக்ஸுக்குள் சமர்த்தாகத் திறந்திருந்தது. சிவப்பு இல்லை. மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் அவள் முகம் தெரிந்தது. அதற்குக் கீழே, உங்களுக்குத் தேர்வு எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது.

அந்த வரியை அவள் குனிந்து படித்தாள்.

"நல்லா ஓடுதுப்பா" என்றாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்து ரத்தினவேல் கடைக்குள் போய்விட்டாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "ஓடுதுல்ல புள்ள?"

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து முட்டிக்கொண்டு வந்தன.

"ஓடுதுங்க" என்றேன்.