விண்ட்சர் குளத்துப் பாஸ் மீனும் செம்மஞ்சள் லைஃப் ஜாக்கெட்டும்

போன சனிக்கிழமை அப்பாவும் நானும் பாஸ் மீன் பிடிக்க விண்ட்சருக்கு அப்பால் உள்ள ஒரு பண்ணைக் குளத்துக்குப் போய் வந்தோம். கோடை விடுமுறை வந்தால் எப்போதும் போகிற இடம்தான். ஆனால் ரயிலில் போனது இதுதான் முதல் தடவை. மேற்கு சிட்னியிலிருந்து கார் இல்லாமல் போக நினைக்கிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. நான் நித்திரை என்று நினைத்துக்கொண்டிருக்கிறா. போர்வைக்குள் இருந்து தட்டுவதால் எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் ரயில் என்றால், அப்பா இப்போது கார் ஓடக்கூடாது. அவர் டெலிவரி வான் ஓடிக்கொண்டிருந்தவர். குளிர்காலத்தில் ஒரு நாள் காலை குசினியில் தேத்தண்ணி கலக்கிக்கொண்டு நின்றவர், கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். நான் கூப்பிட்டேன். கண் திறந்திருந்தது, பதில் இல்லை. பிறகு விழுந்தார். வலிப்பு என்றார்கள். மருந்து தந்து, தான் சொல்லும்வரை கார் ஓட வேண்டாம், தண்ணீர்ப் பக்கம் தனியாகப் போக வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாலே நான் போய் எட்டிப் பார்ப்பேன்.

அம்மா இரண்டு நிபந்தனையோடுதான் விட்டா. அப்பா லைஃப் ஜாக்கெட் போட வேண்டும். நான் அவர் மேலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. ஜாக்கெட்டைக்கூட வாங்கி வைத்திருந்தா, பளீரென்ற செம்மஞ்சளில்.

"இடுப்பளவு தண்ணிக்கு இதென்ன, கப்பல்லயோ போறம்?" என்றார் அப்பா.

"போடாட்டி போகேலாது. பிடிச்ச மீனைத் திருப்பி விடுற வேலைக்கு நீங்கள் வீட்டிலயே இருக்கலாம்," என்றா அம்மா.

அப்பா ஜாக்கெட்டைப் பைக்குள் திணித்தார். போடவில்லை.

செவன் ஹில்ஸில் காலை ஐந்து மணியளவில் ரிச்மண்ட் ரயில் எடுத்தால் முக்கால் மணி நேரத்துக்குள் விண்ட்சர். இரண்டாகக் கழற்றக்கூடிய தூண்டில் தடி என்றால் ரயிலில் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. முந்தி இந்தத் தூரம் முழுவதும் நான் கார் பின்சீட்டில் நித்திரை கொள்வேன். எழும்பும்போது கன்னத்தில் சீட்டுத் துணியின் அச்சு இருக்கும், அப்பா கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார். இந்த முறை நாங்கள் இரண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு போனோம்.

அந்த நேரத்துக்கு பஸ் இல்லை. ஸ்டேஷனிலிருந்து குளத்துக்கு பதினொரு கிலோமீட்டர், டாக்ஸிக்கு முப்பத்திரண்டு டொலர். டிரைவர் பஞ்சாபிக்காரர்.

"மீனைக் கொண்டுவந்தால் திரும்ப ஏற்ற மாட்டேன், கார் நாறும்," என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"திருப்பி விட்டுவிடுவோம்," என்றேன்.

"அப்போ ஏன் போறீங்க?"

"என்ர மனுசியும் இதைத்தான் கேட்டவ," என்று அப்பா எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

இங்கே பண்ணைக் குளங்களை டாம் என்பார்கள். இது கென் என்ற முதியவருடையது. எப்போதோ அவருக்கு அப்பா தண்ணீர்ப் பம்ப் கொண்டுபோய்க் கொடுத்ததில் தொடங்கிய பழக்கம். தனியார் நிலம் என்பதால் கேட்காமல் யாரும் உள்ளே போகாதீர்கள். திறந்த கேட்டை மூடிவிட்டுப் போங்கள், மாடுகள் நிற்கும்.

அன்று நாற்பது பாகை வெயில் என்று முதல்நாளே சொல்லியிருந்தார்கள். இப்படியான நாளில் பாஸ் விடியலில் மட்டும் கரைப்பக்கம் வரும். வெயில் ஏறினால் ஆழத்துக்கோ மரநிழலுக்கோ போய்விடும். முதலில் கையை முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டுப் பாருங்கள். விரல் நுனியில் குளிர் தெரிந்தால் பிடிக்கலாம். மேலும் கீழும் ஒரே சூடு என்றால் விட்டுவிடுங்கள், பிடிபடுகிற மீன் களைத்துச் செத்துவிடும். அன்று நுனியில் கொஞ்சம் குளிர் இருந்தது.

சின்ன வயதில் நான் தூண்டில் எறியும்போது, விழுந்துவிடாமல் அப்பா என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் ஆங்கிலத்தில் பேசினால், "இந்தக் குளத்து மீனுக்கு இங்கிலிஷ் பிடிக்காது" என்பார். எட்டு வயதுவரை அதை நம்பினேன். இதைத் தமிழில் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த முறை முதலில் நான் தடியைத் தொடவே இல்லை. அப்பா எறிந்தார், நான் அவரையே பார்த்தேன்.

"நீ மீனைப் பாக்கிறியோ, என்னைப் பாக்கிறியோ?"

"உங்களைத்தான்."

"நான் துள்ள மாட்டன் பிள்ளை."

சில்வண்டு மாதிரிச் செய்த பிளாஸ்டிக் இரையைச் சவுக்கு மர நிழலில் விழ எறிந்தார். விழுந்த இடத்தில் தண்ணீர் வளையங்கள் விரிந்தன. அப்பா அசையவில்லை. வளையங்கள் மறைந்தன. அப்போதும் அசையவில்லை. கண் திறந்திருந்தது.

"அப்பா?"

பதில் இல்லை. ஓடிப்போய் அவர் சட்டையின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து, என் பலம் முழுவதும் போட்டு இழுத்தேன். அதே நேரம் தண்ணீர் வெடித்தது. பாஸ் இரையைக் கவ்வி, தலையை உதறித் துப்பிவிட்டுப் போனது. நாங்கள் இரண்டு பேரும் சேற்றில் இருந்தோம்.

"ஐயோ, நல்ல மீன் ஒண்டு! வளையம் அடங்கிற வரைக்கும் ஆட்டக் கூடாதெண்டு உனக்குத் தெரியும்தானே?"

"கூப்பிட்டனான். நீங்கள் கதைக்கேல்லை."

"மீன் பிடிக்கேக்க ஆர் கதைக்கிறது?" என்று திரும்பியவர் என் கைகளைப் பார்த்தார். அவை இன்னும் அவர் சட்டையை விடவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தார். எழும்பி, பையைத் திறந்து, செம்மஞ்சள் ஜாக்கெட்டை எடுத்துப் போட்டு, மூன்று கொளுவிகளையும் கொளுவினார். தடியை என்னிடம் நீட்டினார்.

"இப்ப நீ எறி. மீன் வந்தாலும் வராட்டியும் நான் கதைச்சுக்கொண்டு நிக்கிறன்."

அப்படியே நின்றார். பழைய வான், குளிர்காலக் காலை, மருந்தின் கசப்பு, தனக்கும் பயம்தான் என்பது எல்லாவற்றையும் கதைத்தார். என் சட்டையின் பின்பக்கம் அவர் கையில் இருந்தது. அத்தனை சத்தத்துக்குள்ளும் ஒரு பாஸ் வந்தது, என் முழங்கையளவு. கையை நனைத்து, தண்ணீருக்குள் வைத்தே தூண்டில் முள்ளைக் கழற்றினோம். கொஞ்ச நேரம் உள்ளங்கையில் கிடந்துவிட்டு, வாலால் ஒரு அடி அடித்துப் போனது.

எட்டரைக்கே கிளம்பிவிட்டோம். அப்பா ஜாக்கெட்டைக் கழற்ற மறந்து, ரயிலில் செவன் ஹில்ஸ்வரை அதோடுதான் வந்தார். எதிரே இருந்த குழந்தை கண்வெட்டாமல் பார்த்தது.

போகிறவர்களுக்கு: ஆளுக்கு மூன்று லீட்டர் தண்ணீர், தொப்பி, நீளக்கைச் சட்டை. பெரியவர்கள் மீன்பிடி அனுமதி தேவையா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கட்டாயம் இரண்டு பேராகப் போங்கள். ஒரு தடி போதும்.

அடுத்த அறையில் வெகுநேரமாகச் சத்தம் இல்லை. அதனால்தான் நான் முழித்திருந்தேன். இப்போது அப்பா எழும்பிவிட்டார், குசினியில் லைட் எரிகிறது. கேத்தில் கொதிக்கிறது. கோப்பைக்குள் கரண்டி சுற்றுகிற சத்தம் கேட்கிறது, நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இனி நான் நித்திரை கொள்ளலாம்.