ஜெர்மனிக்கு எதிராக நான் வாதாடியது

ஐரோப்பா சரிந்துகொண்டிருக்கிறது என்று என் மகளுக்கு நிரூபிக்கச் சில வாரங்கள் பிடித்தன. அவள் நர்சிங் படித்தவள். ஜெர்மன் மொழித் தேர்வு எழுதித் தேறி, அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வேலையும் வாங்கிவிட்டாள். போகாதே என்று நேரடியாகச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. ஆகவே பொருளாதாரம் பேசினேன். அரசு அலுவலகத்தில் புள்ளிவிவரம் தொகுத்தே தலை நரைத்தவன் நான்; ஆதாரம் இல்லாமல் எனக்கு அழக்கூட வராது.

எங்கள் தீவின் மரைன் ஹில் வீட்டில் தினமும் காலையில் காப்பியோடு கண்டங்களை ஒப்பிடுவேன். அமெரிக்கா எங்கோ போய்விட்டது, ஆசியா ஓடுகிறது, ஐரோப்பா மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறது. முதியவர்கள் பெருகுகிறார்கள், எரிவாயு விலை ஏறுகிறது. மனைவி சொல்வாள்: "அதுக்கு அந்த ஊர்க்காரன் கவலைப்படட்டும். நீங்க சட்னிய ஊத்திக்கங்க."

சம்மதமா இல்லையா என்று ஆஸ்பத்திரிக்குப் பதில் அனுப்பவேண்டிய கடைசி நாள் வந்தது. அன்று எதிர்க்கரையில், பாம்பூஃப்ளாட்டில், என் சக ஊழியரின் புதுமனை புகுவிழா. நானும் மகளும் கிளம்பிச் சாத்தம் படகுத்துறைக்குப் போனால், மழைக்காற்றில் எதிர்க்கரையே தெரியவில்லை. படகு எப்போது வரும் என்று டிக்கெட்காரரிடம் கேட்டேன்.

"ஆயேகா சாப், ஆயேகா."

வரும், சரி. அதுவரை? சுற்றிலும் எல்லோரும் காத்திருக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் டிபன் பாக்ஸைத் திறந்தார். ஒருவர் ஸ்கூட்டர் மேலேயே தூங்கினார். மீன்கூடையை பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டு ஓர் அம்மாள் காலை நீட்டிக்கொண்டார். நான் மட்டும் கூரைக்கடியில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

"அப்பா, முடிவு பண்ணிட்டேன். போகல."

"ஏம்மா?"

"நீங்கதான ஐரோப்பா கதம், முடிஞ்சுதுன்னு சொன்னீங்க? இங்கயே கான்ட்ராக்ட் வேலை இருக்கு. ஆறு மாசம் ஆறு மாசமா நீட்டிப்பாங்க. பர்மனென்ட் வேகன்சி வந்தா எடுத்துப்பாங்க."

"எப்ப வரும்?"

"ஆயேகா" என்றாள்.

நான் ஜெயித்துவிட்டேன். குதித்திருக்க வேண்டும். ஆனால் அவள் மடியில் குடையை வைத்துக்கொண்டு, சாயங்காலம்வரைகூட இருக்கலாம் என்பதுபோல் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷ சர்வீஸில் எனக்கே அந்தப் பொறுமை வாய்க்கவில்லை. இவளுக்கு இன்னும் முதல் சம்பளமே வரவில்லை.

"அப்படி ஒரேயடியா சொல்லிட முடியாதும்மா" என்று ஆரம்பித்தேன். "வேகமா வளர்றது வேற, வசதியா இருக்கறது வேற. அவங்க நம்மளவிடக் கம்மி நேரம்தான் வேலை பாக்குறாங்க. ஆனா ஒவ்வொரு மணி நேரத்துலயும் நடக்குற வேலை அதிகம்."

"நேத்து சோம்பேறிங்கன்னீங்க."

"நேத்து வருஷக் கணக்குல பாத்தேன். இன்னைக்கு மணிக் கணக்குல பாக்குறேன்."

"அங்க ட்ரெயின் லேட்டுன்னு ஒரு கட்டுரையே படிச்சுக் காட்டினீங்களே?"

"லேட்டானா அங்க கோபப்படுறாங்கம்மா! இங்க ஒருத்தருக்காவது கோபம் வருதா பாரு!"

குரல் உயர்ந்துவிட்டது போலும். மீன்காரம்மாள் திரும்பினார். "மழைகிட்ட யாருண்ணே கோபப்படுவா? சித்த உக்காருங்க. நீங்க நடக்கறதப் பாத்து எனக்குத் தலை சுத்துது."

மகள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "ஜெர்மனிய விடுங்கப்பா. சாஃப் சொல்லுங்க, சுத்தி வளைக்காம. நான் போகணுமா, வேணாமா?"

அதற்கு நான் கட்டுரை எதுவும் படித்திருக்கவில்லை.

"நீ போறது எனக்குப் பிடிக்கல" என்றேன். "ஆனா நீ இங்க இப்படி உக்காந்திருக்கறதயும் பாக்க முடியல."

அவள் மடியிலிருந்த குடையை ஓரமாக வைத்தாள். பிறகு போனை எடுத்து எதையோ தட்டினாள்.

"அனுப்பிட்டேன்."

"என்னன்னு?"

"வர்றேன்னு."

மழை விட்டது, படகும் வந்தது. அவசரமில்லாமல் எல்லோரும் எழுந்து ஏறினார்கள். அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் எனக்கும் இடம் இருந்தது, உட்கார முடியவில்லை. ஸ்கூட்டர்களுக்கு நடுவே ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, அங்கே குளிர் எப்படி என்று கேட்டேன். அடுத்த சுற்றில், வருஷத்துக்கு எத்தனை நாள் லீவு தருவார்கள் என்று கேட்டேன்.

"அப்பா," என்றாள், "படகு தானாப் போகும். நீங்க நடக்க வேணாம்."