அறுநூறு எடைச் சீட்டுகள்

வீட்டில் அவளுக்குப் பெயர் கோந்து. விரல் நுனிகளில் எந்நேரமும் காய்ந்த பசை தோல்போல உரிந்துகொண்டிருக்கும் என்பதால் அண்ணன் வைத்த பெயர் அது. வீட்டில் எது காணாமல் போனாலும், "அங்க இங்க தேடாதீங்க, கோந்து படத்துல இருக்கும்" என்பான். பாதி நேரம் அது உண்மையாகவும் இருக்கும். கிழிந்த குடைத்துணி, உடைந்த ரேடியோவின் மூடி, அண்ணனின் ஒற்றைக் காலுறை என்று கையில் கிடைத்ததையெல்லாம் பலகையில் ஒட்டி, அதன்மேல் வண்ணம் பூசி, அதைப் படம் என்பாள்.

ஓவியக் கல்லூரிக்கு ஒருவர் இரண்டு முறைதான் விண்ணப்பிக்கலாம். முதல் முறை பென்சில் படங்களாகக் கொண்டுபோனாள். கை நன்றாக ஓடுகிறது, ஆனால் இதில் உன் வீடு எங்கே, உன் தெரு எங்கே என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். இது இரண்டாவது முறை. பத்துப் படங்கள் காட்ட வேண்டும். இதிலும் இடம் கிடைக்காவிட்டால் அண்ணன் வேலை பார்க்கும் குளிர்பதனக் கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டப் போக வேண்டியதுதான். "ஒட்டுற வேலைதான, உனக்குச் சொல்லியா தரணும்?" என்று அதற்கும் சிரித்தான் அவன்.

அப்பாவுக்கு லாரி எடை மேடையில் வேலை. லாரி வந்து மேடையில் ஏறி நிற்கும். கண்ணாடி அறைக்குள் இருந்து அப்பா பொத்தானை அழுத்துவார். வண்டி எண், நேரம், எடை எல்லாம் மையில்லாமல் சூட்டிலேயே அச்சாகி, வழுவழுப்பான சீட்டுகள் மூன்று ஒன்றன்பின் ஒன்றாக நாக்கை நீட்டுவதுபோல வெளியே வரும். டிரைவருக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று. மூன்றாவது குப்பைக்கு. அந்த மூன்றாவதைத்தான் அவள் கேட்டாள்.

"குப்பையக் கேக்குற ஒரே பொண்ணு நீதாண்டி" என்றார் அப்பா. ஆனாலும் தினமும் ஒன்றிரண்டு கொண்டுவந்தார். ஒரு வருடத்துக்கு மேல், கசங்காமல், பழைய டைரிக்குள் வைத்து.

வெயிலில் கிடந்த சீட்டுகளில் எழுத்து வெளிறும் என்பதை அவள் கவனித்தாள். அதையே வண்ணமாக்கிக்கொண்டாள். புதுச் சீட்டுகளைப் பலகையின் அடியிலும் வெளிறியவற்றை மேலேயும் ஒட்ட, கண்ணாடி அறையிலிருந்து அப்பா பார்க்கிற சாலை தூரத்தில் மங்கிக்கொண்டே போனது. அறுநூறு சீட்டுகள். சாக்குத் துணியில் லாரிகள். ஓரத்தில், முதுகு மட்டும் தெரிய, அப்பா.

அதுவரை அவள் படங்களை ஏறெடுத்தும் பார்க்காத மனிதர், இந்தப் பலகை முன்னால் மட்டும் வேலை முடிந்து வந்ததும் குந்தி உட்கார்ந்துவிடுவார். இது சிமெண்ட் வண்டி, டிரைவர் எடை தப்பு என்று சண்டைக்கு வந்தான். இது மணல், அன்றைக்கு நல்ல மழை என்று சீட்டு சீட்டாகப் படித்துச் சொல்வார். அண்ணன்கூட ஒரு நாள் சும்மா நின்று கேட்டுவிட்டுப் போனான்.

நேர்முகத் தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது அப்பாவுக்குக் கவலை வந்தது. எழுத்து இன்னும் வெளிறிப்போனால்? பக்கத்துத் தெரு தச்சரிடம் கேட்டு, கதவுக்கு அடிக்கும் பாலிஷ் ஒரு புட்டி வாங்கிவந்தார். "இது அடிச்சா நூறு வருஷம் ஆனாலும் அசையாதாம்" என்று பெருமையாக நீட்டினார்.

புதிதாக எதைப் பூசினாலும் முதலில் துண்டு ஒன்றில் பூசிப் பார்க்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. பார்க்கவும் செய்தாள். சாக்கில் பூசினாள், பலகையில் பூசினாள், காய்ந்த வண்ணத்தின்மேல் பூசினாள். எல்லாம் பளபளத்தன. சீட்டில் மட்டும் பூசிப் பார்க்கவில்லை. மிச்சமாக ஒரு சீட்டுகூட இல்லை. அப்பா கொண்டுவந்த அத்தனையையும் ஒட்டியிருந்தாள்.

மத்தியானம், அகலத் தூரிகையால் மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் பூசினாள். புட்டியை மூடிவிட்டுத் திரும்பினால் சாலை இல்லை. பாலிஷில் இருந்த ஸ்பிரிட் பட்டு அறுநூறு சீட்டும் கரிபோலக் கறுத்திருந்தன. துணியால் துடைத்தாள். துணியில் ஒன்றும் வரவில்லை. கறுப்பு மேலே படிந்தது அல்ல, தாளே கறுத்துவிட்டது. எல்லாம் முடிந்த பிறகு ஒரேயடியாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு போட்டோகூடப் பிடித்து வைக்கவில்லை.

அப்பா வந்து வெகுநேரம் பார்த்தார். "நான்தான் கொண்டாந்தேன்" என்றார். அன்று அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

பத்துப் படம் என்றால் பத்து வேண்டும். கறுத்த பலகையையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு போனார்கள். தேர்வு அறைக்கு வெளியே பெஞ்சில் அப்பா உட்கார்ந்தார். கதவு பாதி திறந்திருந்தது. மற்ற ஒன்பதையும் விறுவிறுவென்று தள்ளிய தேர்வாளர் அம்மா, பத்தாவதில் நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். கறுப்புக்குள் சீட்டுகளின் விளிம்பு மட்டும் வரிவரியாகத் தெரிந்தது.

"துணிச்சலா இருக்கே. வேணும்னே இப்படிக் கறுப்பாக்கினியாம்மா?"

அந்தக் கேள்வியிலேயே பதிலும் இருந்தது. தலையை ஆட்டினால் போதும்.

"இல்லைங்க" என்றாள் அவள். "தெரியாம ஆயிடுச்சு. அடியில ஒரு ரோடு இருந்துச்சு."

"ஓ" என்றார் அந்த அம்மா. அவர் பேனா கொஞ்சம் யோசித்து, பிறகு எதையோ எழுதியது.

திரும்பும்போது பஸ்ஸில் பலகை இருவர் மடியிலும் கிடந்தது. "ஆமான்னு சொல்லியிருந்தா என்னம்மா போயிருக்கும்?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

"வேணும்னே கறுப்பாக்குவேனாப்பா, இத?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பத்தாம் நாள் பட்டியல் ஒட்டினார்கள். அதில் அவள் இல்லை. பின்னால் நின்ற பையன், கொஞ்சம் தள்ளிக்கங்க என்றான். தள்ளிக்கொண்டாள். அப்பா அலுவலக அறைக்குள் போய், வேறு பட்டியல் ஏதும் வருமா என்று கேட்டார். இல்லை, இவ்வளவுதான் என்றார்கள். வெளியே வந்து அவள் தோளைத் தொட்டார்.

"இன்னொரு லிஸ்ட் வருமாம். அடுத்த வாரம் வந்து பாக்கச் சொன்னாங்க."

அலுவலக ஜன்னல் திறந்துதான் இருந்தது. உள்ளே பேசியது அத்தனையும் அவளுக்குக் கேட்டிருந்தது.

"சரிப்பா" என்றாள்.