புசல்லாவைக்குப் போன ரயில்

புவனா அக்கா இறந்த செய்தி எனக்குப் பேருந்தில் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, கண்டியிலிருந்து கடுகண்ணாவையில் இருக்கும் நம் ரயில் அருங்காட்சியகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். பிலிமத்தலாவையைத் தாண்டும்போது நம் தொண்டர் குழுவின் ஃபாரூக் நானா தொலைபேசியில் அழைத்தார். "புள்ள, எங்க ஈக்கிறீங்க? சீட்டுல உக்காந்துதானே ஈக்கிறீங்க?" என்றார். அவர் ஒருநாளும் அப்படிக் கேட்பவர் அல்லர். அக்காவுக்கு இரவு தூக்கத்திலேயே மாரடைப்பு வந்ததாம். அதன் பிறகு அவர் சொன்னது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல், கணவாய்ச் சாலையின் வளைவுகளில் கீழே வெகுதூரம் போய்விட்டேன்.

அன்று அழுது தீர்த்தேன். ஆனால் இதை அழுகையோடு எழுத மனம் வரவில்லை. அக்காவை நினைத்தால், யாரோ நல்ல செய்தியோடு மூச்சிரைக்க ஓடிவருவது போலத்தான் இருக்கிறது. நம் அருங்காட்சியகக் கொட்டகைக்குள் அவர் ஒருநாளும் நடந்து வந்ததில்லை. முதலில் கண்ணாடி வளையல்கள் குலுங்கும் சத்தம் வரும், பிறகு "இன்னைக்கு யார் யாரு வர்றாங்க தெரியுமா!" என்ற குரல் வரும், கடைசியில்தான் ஆள் வருவார்.

அவர் கண்டி நகரில் வளையல் கடை வைத்திருந்தவர். ரயிலைப் பற்றி ஒன்றும் தெரியாமல் நம் தொண்டர் குழுவில் சேர்ந்தார். "பஸ்ல ஏறுனா எனக்கு வாந்தி வரும். ரயில்ல வராது. அந்த நன்றிக்காகத்தான் வந்தேன்" என்பார். குழுவில் கனகசபை ஐயா ரயில்வே சமிக்ஞைப் பிரிவில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஃபாரூக் நானாவுக்கு இரும்புச் சாமான் கடை. அவர் தொட்டால் எந்தத் துருவும் விலகும். நான் நூலகத்தில் ரயில் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டு வந்தவள். எங்கள் எல்லோரையும் விட அக்காவைச் சுற்றித்தான் எப்போதும் கூட்டம் நின்றது. அது எனக்குக் கொஞ்சம் பொறுக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஏனென்றால் அவர் சொல்வதில் பாதி தப்பு! நீராவி இயந்திரம் மலை ஏறுவதற்கு முன் ஒரு குளத்தையே குடித்துவிடும் என்று ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தார். நான் நடுவில் புகுந்து திருத்தினேன். அவர் கோபப்படவே இல்லை. கூட்டத்தைப் பார்த்து, "நான் சொல்றது சுவைக்கு. சரியானது வேணும்னா அந்தா நிக்கிறாங்க பாருங்க நம்ம டீச்சரம்மா, அவங்ககிட்ட கேட்டுக்கிருங்க" என்றார். அன்றிலிருந்து நான் டீச்சரம்மா. அவரை யாராவது ஆன்ட்டி என்று கூப்பிட்டால் மட்டும் கோபம் வரும். "அக்கான்னு கூப்பிட்டா டிக்கெட். ஆன்ட்டின்னு கூப்பிட்டா வீட்டுக்குப் போகலாம்."

புசல்லாவைக் கதை உங்களில் பலருக்குப் பாதி தெரியும். மீதிப் பாதி நடந்தபோது அவரோடு இருந்தவள் நான் மட்டும்தான். அதனால் அதை நான்தான் சொல்ல வேண்டும்.

நம் கொட்டகையின் இரண்டு கோடிகளிலும் நிற்கும் சிவப்புப் பெட்டிகளை முதன்முறை படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்துவிடாமல் காப்பவை அவை. பெட்டிக்குள் வட்டமான பித்தளை வில்லைகள் இருக்கும். அடுத்த நிலையம் சம்மதித்தால்தான் ஒரு வில்லை வெளியே வரும். அதைக் கையில் வைத்திருக்கும் ஓட்டுநர் மட்டுமே புறப்படலாம். போய்ச் சேர்ந்ததும் வில்லையை அங்கே ஒப்படைக்க வேண்டும். அது ஏதாவது ஒரு பெட்டிக்குள் போய் விழும்வரை இரண்டு பெட்டிகளும் பூட்டிக்கிடக்கும், அடுத்த வில்லை வராது. விழுந்ததும் மறுகோடியில் மணி அடிக்கும். ஐயாவும் நானாவும் மாதக்கணக்கில் பாடுபட்டு இந்த இரண்டையும் கம்பியால் இணைத்து உயிர்ப்பித்தார்கள். முதல் மணி அடித்த அன்று ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவற்றைப் பார்வையாளர் கையில் கொடுக்க வேண்டும் என்றது புவனா அக்கா. கண்ணாடி அலுமாரிக்குள் வைக்க வேண்டும் என்றது ஐயா. அக்கா வென்றார். பெட்டிகளுக்கு மேலே கரும்பலகை மாட்டி, பிள்ளைகளிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, "ரயில் எங்க போகணும்? எழுது" என்பார். எழுதிய பிள்ளை வில்லையை ஏந்திக்கொண்டு மறுகோடிப் பெட்டிக்கு ஓட வேண்டும். ரயிலே போகாத ஊர்களுக்கெல்லாம் நம் கொட்டகையிலிருந்து ரயில் போனது. ஹந்தானை மலை உச்சிக்குக்கூடப் போனது!

ஒரு சனிக்கிழமை புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். அன்று மாலை மூடும் நேரத்தில் பெட்டிகள் பூட்டிக்கிடந்தன. வில்லையைக் கொண்டுபோகும் வளையமும் தோல்பையும் ஒழுங்காக ஆணியில் தொங்கின. பைக்குள் வில்லை இல்லை. கொட்டகை முழுவதும் தேடினோம். தண்டவாளத்துக் கல்லைக்கூடப் புரட்டினோம்.

"களவு போயிட்டுது. நான் அப்பவே சொன்னனான்" என்றார் ஐயா. "பெட்டியைத் திறந்து பூட்டை விடுவிச்சுப்போட்டு, எல்லாத்தையும் அலுமாரிக்குள்ள வைப்பம். இனி ஒருத்தரும் தொடத் தேவையில்லை."

அக்கா பெட்டியின் முன்னால் போய் நின்றுகொண்டார். "ஐயா, உங்க சட்டப்படி வில்லை வெளியில இருந்தா என்ன அர்த்தம்?"

"லைன்ல ரயில் நிக்குது எண்டு அர்த்தம்."

"லைன்ல ரயில் நிக்கறப்ப நீங்க பெட்டியத் திறந்திருக்கீங்களா?"

ஃபாரூக் நானா சிரிப்பை அடக்க எண்ணெய்க் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். "திறக்கேலாது," என்றார் ஐயா கடைசியில். "சரி, அடுத்த ஞாயிறு மத்தியானம் வரைக்கும் பாப்பம். வராட்டி எல்லாம் கண்ணாடிக்குள்ள போகும். பிறகு என்னோட வாதாடக் கூடாது."

"வாதாட மாட்டேன்" என்றார் அக்கா. அவருக்கு அந்தக் கொட்டகை என்றால், பிள்ளைகள் வில்லையை ஏந்திக்கொண்டு ஓடும் அந்த ஓட்டம்தான்.

அப்போது நான் கரும்பலகையைப் பார்த்தேன். தூரத்துப் பெட்டிக்கு மேலே சாய்ந்த குட்டி எழுத்துகளில் 'புசல்லாவை' என்று இருந்தது, அழிக்கப்படாமல். அக்காவிடம் காட்டினேன். அவர் தலையில் கை வைத்தார்.

"அடக் கடவுளே! சின்னப் பிள்ளை, ரெட்டைச் சடை. அவகிட்ட நான்தான் சொன்னேன், இதை அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் கையிலதான் குடுக்கணும், வேற யாரு கேட்டாலும் குடுக்கப்படாதுன்னு. அவ ஓட ஆரம்பிக்கறப்ப அவங்க டீச்சர் பஸ் வந்துருச்சுன்னு கூப்பிட்டாங்க. டீச்சரம்மா, அவ திருடல. அவ ஓட்டிக்கிட்டுப் போயிட்டா!"

அடுத்த சனிக்கிழமை இருவரும் பேராதனையில் நுவரெலியா பேருந்தைப் பிடித்தோம். அக்கா வாந்தி வராமலிருக்க மூக்கில் தேசிக்காயை வைத்துக்கொண்டு, கம்பளை வரை கண்ணைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு வளைவுகள் தொடங்கின. ஒவ்வொரு வளைவிலும் என் கையை நெரித்தார். "இந்த ஊருக்கு ஒரு ரயில் விட்டிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?" என்று வெள்ளைக்காரனைத் திட்டினார். புசல்லாவையில் இறங்கி, பாடசாலை அதிபரின் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்து, அவர் காட்டிய பாதையில் தேயிலைக்கு நடுவே ஏறினோம். தோட்டத் தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டு வாசலில் அந்த ரெட்டைச் சடை நின்றது. பெயர் தர்ஷினி. அவளுடைய அம்மா பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். நகரத்திலிருந்து வந்த எங்களைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது.

"என்னங்க பண்ணிப்புட்டா இவ?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தார். பிறகு அந்தப் பிள்ளையின் முன்னால் குனிந்து, நிலைய மேடையில் நின்று விசாரிப்பவர் போல, "ரயில் பத்திரமா வந்து சேந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

தர்ஷினி தலையை ஆட்டினாள். "வந்துருச்சுக்கா. ஆனா வாங்க ஆளு இல்ல."

அவள் உள்ளே ஓடி, கைக்குட்டையில் முடிந்துவைத்த வில்லையைக் கொண்டுவந்து காட்டினாள். பளபளவென்று இருந்தது. சாம்பலால் தேய்த்திருக்கிறாள்! ஸ்டேஷன் மாஸ்டர் எங்கே என்று கடைத்தெருவில் கேட்டாளாம், எல்லோரும் சிரித்தார்களாம். அக்கா கையை நீட்டினார். அவள் வில்லையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க டிக்கெட் குடுக்கற அக்கா. ஸ்டேஷன் மாஸ்டர் இல்ல."

அம்மா அவளை அதட்டினார். "குடுத்துருடி, மானத்த வாங்காத!" அக்கா தடுத்தார். "இல்லம்மா, அவ சொல்றதுதான் சரி. தர்ஷினி, இந்த ஸ்டேஷன்ல மாஸ்டர் இல்லன்னா ரயிலைப் புறப்பட்ட எடத்துக்கே திருப்பி ஓட்டணும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கொண்டு வந்துருவியா?" பிள்ளை அம்மாவைப் பார்த்தாள். அம்மா எங்களைப் பார்த்தார். "வர்றோங்க" என்றார் மெதுவாக.

தேநீர் குடித்துவிட்டு, வில்லை இல்லாமல் திரும்பினோம்! பேருந்தில் எனக்குக் கோபம் பொங்கியது. "கையில கிடைச்சதை விட்டுட்டு வந்துட்டீங்களே அக்கா! அவங்க வராட்டி?"

"வராட்டி எல்லாம் அலுமாரிக்குள்ள போயிரும். ஆனா நான் இப்ப பிடுங்கியிருந்தா, யாரு கேட்டாலும் குடுக்கப்படாதுன்னு நான் சொன்னது அவளுக்குப் பொய்யாப் போயிருமே."

"உங்களுக்குப் பயமே இல்லையா?"

அவர் தேசிக்காயை மூக்கிலிருந்து எடுத்தார். "பயமில்லாமயா? ஒவ்வொரு தடவை ஒரு பிள்ளை கையில அதைக் குடுக்கறப்பவும் எனக்கு வயித்தைக் கலக்கும், டீச்சரம்மா. கீழ போட்டுருமோ, தொலைச்சிருமோன்னு. இந்த வளையல் இருக்கே, அது குலுங்கறதுல கை நடுங்கறது யாருக்கும் தெரியாது."

அவரை அக்கறை இல்லாதவர் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்!

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து அக்கா வாசலை விட்டு நகரவில்லை. மத்தியானம் நெருங்கியது. ஐயா பெட்டியின் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். ஃபாரூக் நானா, "கொஞ்சம் பொறுங்களே, பஸ்ஸுக்கும் லேட் ஈக்கிதுதானே" என்றார். ஐயா சாவியைக் கையில் எடுத்தார். அந்த நொடியில் வளையல் சத்தம் கொட்டகையை நிறைத்தது. "லைன்ல ரயில் வருது! எல்லாரும் வெலகுங்க!"

தர்ஷினி ஓடிவந்தாள். பின்னால் அவளுடைய அம்மா, கூடவே தாத்தா, அண்டை வீட்டார் இரண்டு பேர். ஐயாவின் முன்னால் நின்று, அண்ணாந்து பார்த்து, "நீங்கதான் மாஸ்டரா?" என்று கேட்டாள்.

ஐயா சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார். "ஓம் பிள்ளை, நான்தான்" என்றார். வில்லையை இரண்டு கைகளாலும் வாங்கினார். பிறகு மனம் மாறி அதை அவளிடமே கொடுத்து, அவளைத் தூக்கிப் பெட்டியின் வாய்க்கு நேரே பிடித்தார். வில்லை உள்ளே விழுந்தது. கொட்டகையின் மறுகோடியில் மணி அடித்தது! நாங்கள் எல்லோரும் கத்தினோம். நானா குவளையைத் தட்டினார்.

ஐயா அவளை இறக்கிவிட்டு, "என்ர சேவைக் காலத்தில இவ்வளவு கவனமா ஒருத்தரும் எனக்குக் கொண்டுவந்து தந்ததில்லை" என்றார். அக்காவின் பக்கம் திரும்பவில்லை. ஆனால் கண்ணாடி அலுமாரி பற்றி அதன் பிறகு அவர் பேசவே இல்லை.

அக்காவின் இறுதிச் சடங்குக்கு அடுத்த ஞாயிறும் கொட்டகையைத் திறந்தோம். திறக்க வேண்டும் என்று முதலில் சொன்னது ஐயாதான். ஒரு பாடசாலைக் கூட்டம் வந்திருந்தது. அக்கா நிற்கும் இடத்தில் என்னை நிற்கச் சொன்னார்கள். நான் படித்தவற்றையெல்லாம் சரியாகச் சொல்லிமுடித்தேன். யாரும் கேட்கவில்லை. முன்வரிசையில் மூக்கொழுகிய ஒரு பையன் என் கையில் இருந்த வில்லையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் நீட்டினேன். நீட்டினேனே தவிர, என் விரல்கள் அதை விடவில்லை. அவன் இழுத்தான். எனக்கு வயிறு கலங்கியது.

புவனா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கலக்கத்தைத்தான். அது போய்விட வேண்டும் என்று நான் வேண்டவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக விட்டேன். பையன் வில்லையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடத் தொடங்கினான். மறுகோடியில் மணி அடிக்கும்வரை நான் மூச்சுவிடவில்லை.