பட்டறைக்குப் போன சைக்கிள்

எங்கள் பக்கம் ஒருவர் புது ஜீப் வாங்கினால் அது முதலில் போவது வீட்டுக்கு அல்ல, வெல்டிங் பட்டறைக்கு. கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் விடியற்காலையில் கேரளா எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறுகிற ஜீப்புகள் அவை. கம்பெனிக்காரன் பத்துப் பேருக்குச் செய்து அனுப்பியதில் இருபது பேர் ஏற வேண்டும். அதனால் அடியில் கூடுதலாக ஒரு பட்டை, பின்னால் தொங்கிக்கொண்டு போக ஒரு படி, மேலே தூக்குச்சட்டிகளும் மம்பட்டிகளும் வைக்க ஒரு கேரியர். பூசை போடுகிறவர்கள் பூசை போடுவார்கள், நாங்கள் பாத்திஹா ஓதுவோம். இரண்டுக்கும் முன்னால் பட்டறை. பிறந்ததிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இருந்தும், ஒரு சைக்கிளுக்கும் அந்தக் கதி வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

நான் மதுரையில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு விடுமுறையில் குமுளி டீக்கடை முன்னால் ஆறேழு ரேஸ் சைக்கிள்கள் நிற்பதைப் பார்த்தேன். வளைந்த ஹேண்டில், விரல் அகல டயர். கொச்சியிலிருந்து மிதித்தே வந்தவர்களாம். அதில் ஒருவர், நாற்பது வயதிருக்கும், பேங்கில் வேலை. நான் அவருடைய சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்து கேட்ட கேள்விகளில் அவருடைய டீ ஆறிப்போனது. கடைசியில் சிரித்துவிட்டார். அவரிடம் பழைய பிரேம் ஒன்று சும்மா கிடந்தது. அதைப் பஸ்ஸில் போட்டு குமுளிக்கு அனுப்பி வைத்தார். கூடவே ஒரு நிபந்தனை. என் பரீட்சை முடிகிற வாரம் சனிக்கிழமை அவர்கள் குமுளியிலிருந்து வாகமண் போகிறார்கள். நானே பூட்டிய சைக்கிளில், மலையடிவாரத்து லோயர் கேம்ப்பிலிருந்து என் சொந்தக் காலால் மிதித்து ஏறி, காலை ஏழு மணிக்கு அந்த டீக்கடை முன்னால் வந்து நின்றால் என்னையும் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள்.

எட்டு மாதம். அந்த எட்டு மாதம் எனக்கு வேறு நினைப்பே கிடையாது.

பிரேம் ஜப்பான் இரும்பு. குழாய்களின் கனம் நடுவில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மூட்டுகளில் வெல்டிங் கிடையாது. குழாயைச் செருகி, பித்தளையை உருக்கி விட்டு ஒட்டியிருந்தார்கள். மெல்லிய இரும்புக்கு அதற்கு மேல் சூடு ஆகாது. அதற்கு ஏற்ற சாமான் நம் ஊரில் எதுவும் இல்லை. நம் ஊர்ச் சைக்கிளில் முன்சக்கரத்துக்கு முப்பத்திரண்டு கம்பி, பின்சக்கரத்துக்கு நாற்பது. எனக்குக் கிடைத்த நடு ஹப்பில் இரண்டுக்கும் முப்பத்தாறு ஓட்டை. அதற்கான ரிம்மைத் தேடி மதுரையில் ஏழு கடை ஏறினேன், கடைசியில் கோயம்புத்தூரில் கிடைத்தது. கம்பி கோத்து, கோட்டம் எடுத்து, மறுபடி பிரித்துக் கோத்து, சக்கரம் ஆடாமல் சுற்ற மூன்று வாரம் ஆனது. பல் சக்கரத்தைத் தேர்ந்தெடுக்கத்தான் அதிக நாள் பிடித்தது. பின்னால் பல் கூடக் கூட ஏற்றத்தில் மிதிப்பது லேசு. நெட் சென்டரில் உட்கார்ந்து பார்த்தால், உலகத்தில் உள்ளவன் எல்லாம் பின்னால் இருபத்து மூன்று பல் போதும் என்று எழுதியிருந்தான். அவன் ஊரில் மலை இல்லை போல. நான் குமுளி ரோட்டை மனசில் ஒவ்வொரு வளைவாக ஏறிப் பார்த்து, இருபத்தெட்டு பல் என்று முடிவெடுத்தேன். என்னுடைய கியர் மாற்றி அத்தனை பெரிய பல்லைத் தாங்காது என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தது. ஒரு சின்ன திருகை முழுக்கத் திருகிவிட்டேன், தாங்கியது. அந்தச் சங்கிலி இருபத்தெட்டில் ஏறி உட்கார்ந்த சத்தத்தைக் கேட்டபோது தனியாக நின்று கை தட்டினேன்.

தெருமுனைச் சைக்கிள் கடைக்காரர் என் சைக்கிளைப் பார்த்து, "ஏலே, இதுல ஸ்டாண்டு எங்க?" என்றார்.

"ஸ்டாண்டு கெடையாதுண்ணே."

"கேரியரு?"

"அதும் கெடையாது."

"பெல்லு, மட்கார்டு, டைனமோ?"

"ஒண்ணும் கெடையாது."

"அப்ப இன்னும் பாதி வேலை இருக்குன்னு சொல்லு. முடிஞ்சதும் கொண்டா, பாக்கலாம்" என்று திரும்பிக்கொண்டார்.

அது என்னை அறைந்த மாதிரி இருந்தது. அந்த எரிச்சலில்தான் நேராக மச்சான் வீட்டுக்குப் போனேன். அக்காவைக் கட்டியவர், பக்கத்துத் தெரு, எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவர். இரும்பு தெரிந்த மனிதர், இவருக்காவது புரியும் என்று நினைத்தேன். "தூக்கிப் பாருங்க மச்சான். ஒத்த விரல்ல தூக்குங்க."

தூக்கினார். ஆச்சரியப்படுவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை. மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, "இதுலயா மாப்ள மலை ஏறப் போற?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்று மார்தட்டினேன். திரும்பி வரும்போது இறக்கத்தில் எத்தனை வேகம் போகும் என்பதையும் சேர்த்து அளந்தேன். அந்த வாயை அன்றைக்குத் தைத்திருக்க வேண்டும்.

பரீட்சைக்காக மதுரைக்குப் போய்விட்டுப் புதன்கிழமை சாயங்காலம் திரும்பி வந்தேன். வாசலில் அத்தா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என் அப்பா எப்போதும் அதிகம் பேசமாட்டார். அன்றைக்குப் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். உள்ளே போனேன். சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. சுவரில் சாய்ந்து அல்ல, தானாகவே நின்றுகொண்டிருந்தது.

ஸ்டாண்டு. பின் அச்சிலிருந்து பெடல் பக்கம் வரும் இடது குழாயோடு சேர்த்து வைத்து வெல்டு அடித்திருந்தார்கள். பின்னால் பால்கேன் வைக்கிற அகலத்தில் கேரியர். அதன் கால்கள் சீட்டுக்கு அடியில் இறங்குகிற இரண்டு மெல்லிய குழாய்களிலும் வெல்டு. அது போதாதென்று அந்த இரண்டையும் இணைத்துக் குறுக்கே ஒரு பட்டை. சூட்டில் கியர் ஒயரின் மேலுறை உருகி வழிந்து குழாயில் ஒட்டியிருந்தது. வெல்டு அடித்த இடமெல்லாம் ஜீப்புக்கு அடிக்கிற பச்சைப் பெயிண்டு. இடது குழாயில் ஒரு இடத்தில் சுண்டைக்காய் அளவுக்கு இரும்புக் கட்டி.

மச்சான் அப்போதுதான் வண்டியை விட்டுவிட்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எப்பிடி மாப்ள? பட்டறைக்காரர்ட்ட நானே பக்கத்துல நின்னு செய்ய வச்சேன்."

"இது என்ன கட்டி?"

"அதுவா? குழா ரொம்ப நைசு. ராடு வச்சதும் பொத்துருச்சு. அப்புறம் அடைச்சுக் குடுத்துட்டாக. இப்ப கல்லு மாதிரி இருக்கு."

"மச்சான், ஒங்கள யாரு செய்யச் சொன்னா?"

"யாரு சொல்லணும்? புது வண்டின்னா பட்டறைக்குப் போவ வேணாமா? ஒத்த விரல்ல தூக்குற சாமானத்துல மலையில இருந்து எறங்குறேங்கற. ஒங்கக்கா ரெண்டு நாளா சோறு திங்கல."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத முடியாது. அக்கா அடுப்படியிலிருந்து வந்து, "ஒரு சைக்கிளுக்காக மனுசனப் பேசுற பேச்சாடா இது? காலையில மூணு மணிக்கு எந்திரிக்கிற மனுசன் ஒனக்காக ஒரு நாள் லீவு போட்டாக" என்றாள். அத்தா பேப்பரை மடித்து, "ஸ்டாண்டு நல்லதுதானப்பா, சொவரு அழுக்காகாது" என்றார். வீட்டில் ஒருவருக்குக்கூட நடந்தது என்னவென்று புரியவில்லை. ஒரு குழாய் எதனால் மெல்லியதாக இருக்கிறது, வெல்டிங் சூடு பட்டால் அது எப்படி ஓடு மாதிரி ஆகிவிடுகிறது என்று காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். மச்சான் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "எங்க ஜீப்புல அடிச்ச வெல்டு ஒண்ணாச்சும் விட்டுருக்கா மாப்ள?" என்றார்.

விட்டதில்லை. அதுதான் கொடுமை.

இரண்டு நாளில் வேறு பிரேமுக்கு எங்கே போவது? கேரியரின் மேல்தட்டை ரம்பத்தால் அறுத்தேன். கால்களை அறுக்கப் போனால் குழாயே கூட வரும் என்று விட்டுவிட்டேன். ஒயர் மாற்றினேன். ஓடுமா என்று கொச்சிக்காரருக்கு போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்டால் வராதே என்று சொல்லிவிடுவார், அந்தப் பயத்தில் கேட்கவில்லை.

சனிக்கிழமை லோயர் கேம்ப்பில் தண்ணீர் இறங்குகிற ராட்சதக் குழாய்களைத் தாண்டி ஏற ஆரம்பித்தபோது வெளிச்சம் வந்திருந்தது. இருபத்தெட்டு பல் நான் நினைத்தபடியே உழைத்தது. அந்த முதல் நான்கு வளைவுகள் என் வாழ்க்கையில் நான் சரியாகச் செய்த ஒரு காரியம் என்று இன்றைக்கும் சொல்வேன். மூச்சு ஒரே சீராக இருந்தது. ஐந்தாவது வளைவில் சீட்டிலிருந்து எழுந்து மிதித்தேன். பின்னால் 'டிக்' என்று ஒரு சத்தம். அடுத்த மிதிக்கு இன்னொரு 'டிக்'. சங்கிலி என்று எனக்கு நானே பொய் சொல்லிக்கொண்டேன். அப்புறம் பின்சக்கரம் மாட்டு வால் மாதிரி ஆடத் தொடங்கியது.

இறங்கிப் பார்த்தேன். அடைத்த கட்டிக்கு ஒரு நூல் தள்ளி, குழாய் முக்கால் சுற்றுக்கு வாய் பிளந்திருந்தது.

தள்ளிக்கொண்டு நடந்தேன். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு ஜீப் வந்து நின்றது. மச்சானுடையது. உள்ளே இருபது பெண்கள், சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை.

"என்னய்யா, சைக்கிளு ஒன்னயத் தள்ளிக்கிட்டுப் போகுதா?" என்று ஒருத்தி கேட்க, ஜீப்பே குலுங்கிச் சிரித்தது.

மச்சான் இறங்கி வந்து குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். அப்புறம் நிமிர்ந்து சொன்னார்: "வெல்டு அப்பிடியே நிக்குது பாரு மாப்ள. விட்டது ஒன் குழாதான்."

அவரை அடித்துவிடுவேன் என்று எனக்கே பயம் வந்தது. அடிக்கவில்லை. அத்தனை பேர் முன்னால், "ஒங்களுக்கு ஆள அடைச்சு ஏத்துறதத் தவிர என்ன தெரியும்?" என்று கேட்டேன். பெண்களின் சிரிப்பு நின்றது. மச்சான் சைக்கிளைத் தூக்கி ஜீப் மேலே போட்டுக் கயிறு கட்டினார். நான் ஏறமாட்டேன் என்று ரோட்டிலேயே நின்றேன். நடுவயதுக்காரி ஒருத்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏறுப்பா, எங்களுக்கு வேலைக்கு நேரமாச்சு. கோவத்தக் குமுளியில போயி வச்சுக்க."

ஏறினேன். இடம் இல்லாததால் பின்படியில் தொங்கிக்கொண்டு போனேன்.

டீக்கடை முன்னால் அவர்கள் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். மணி ஏழு அடிக்கவில்லை. நேரத்துக்கு வந்துவிட்டேன், எஸ்டேட் ஜீப்பின் மேல்கூரையில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு. அந்த பேங்க்காரர் சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பிளவை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"ஆரா இது செய்தது?" என்று மலையாளத்தில் கேட்டார்.

"ஞானா சேட்டா. பலத்தினு வேண்டி" என்றார் மச்சான், பலத்துக்காகத்தான் என்று, கொஞ்சம் பெருமையாகவே.

"இது பித்தளையில் ஒட்டுகிற குழாய்" என்றார் அவர் மச்சானிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "இனி இதில் ஏறாதே. இறக்கத்தில் பின்சக்கரம் தனியாகப் போகும், நீ தனியாகப் போவாய்" என்றார். மன்னிப்புக் கேட்கிற மாதிரி என் தோளைத் தொட்டார். எட்டுப் பேரும் பெடலில் காலை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். எட்டுச் சங்கிலிகளும் ஒரே சத்தமாகப் போய் வளைவில் மறைந்தன. மச்சான் எஸ்டேட் வரை வரச் சொன்னார். திரும்பி நின்றுகொண்டேன்.

ஜீப் போனபிறகு பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் உட்கார்ந்து பையைத் திறந்தேன். வாகமண் வழியில் தேவைப்படும் என்று எல்லா ஆயுதமும் எடுத்து வந்திருந்தேன். கியர் மாற்றியைக் கழற்றினேன். பிரேக், ஹேண்டில், பெடல், கிராங்க், சக்கரம் இரண்டும். நான் தேர்ந்தெடுத்த ஒரு சாமானில்கூட ஒரு குறை கிடையாது. எல்லாமே நன்றாக இருந்தன. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

சாயங்காலம் ஜீப் திரும்பி வந்தது. பெண்கள் பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மச்சான் சாமான் மூட்டையையும் சக்கரங்களையும் பார்த்தார்.

"பிரேம் எங்க மாப்ள?"

"அங்கன கெடக்கு. விடுங்க."

விடவில்லை. போய் எடுத்து வந்து மேலே கட்டினார். கூடலூர் தாண்டியதும் மெதுவாகச் சொன்னார்: "அந்தச் சேட்டன் பித்தளைன்னு ஏதோ சொன்னாரே. நாளைக்குப் பட்டறையில குடுத்து, பித்தளைய வச்சே..."

"மச்சான்!" என்று நான் போட்ட சத்தத்தில் தூங்கின பெண்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்தார்கள்.

அடுத்த பிரேம் கிடைக்க ஒரு வருடம் ஆனது. அது வந்த அன்றைக்கே கடைக்குப் போய் என் அறைக் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கினேன். திருடனுக்குப் பயந்தா என்று கடைக்காரர் கேட்டார். இல்லை, சொந்தக்காரருக்கு என்றேன்.