நீர்நாய்கள் வந்த காலை

எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி திரிகிறாள் என்று சின்ன வயதிலிருந்தே எல்லோரும் சொல்லிவிட்டார்கள். பேருந்து வர ஐந்து நிமிடம் ஆனால் அடுத்த நிறுத்தத்துக்கு நடந்துவிடுவேன். பால் பொங்குகிற வரை அடுப்பருகே நின்றதில்லை. அதனாலேயே எங்கள் வீட்டு அடுப்பு எப்போதும் பால் வாசனை அடிக்கும். இப்படிப்பட்ட நான் நாற்பது வயதுக்கு மேல் பிடித்துக்கொண்ட பொழுதுபோக்கு, காட்டு உயிர்களைப் படம் எடுப்பது. மூச்சை அடக்கி மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டிய வேலை. கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாக்கம் சதுப்பு நிலத்துக்குப் போவோம். ஸ்கூட்டரை ஓட்டுவது என் கணவர். அவர் அஞ்சல் துறையில் வேலை பார்த்தவர். எதற்கும் அவசரப்படாத ஆள். பிளாஸ்கையும் பேப்பரையும் வைத்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்துவிடுவார். நான் கேமரா முக்காலியைத் தூக்கிக்கொண்டு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் அலைவேன். மீன்கொத்தி எனக்குப் போக்குக் காட்டிவிட்டு, நேராகப் போய் அவர் காலடியில் இருக்கும் குச்சியில் உட்காரும். அவர் பேப்பரை மடிக்காமலேயே விரலைக் காட்டுவார். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அமேசானுக்கு முதல் முறை போனதும் இந்தக் கதைதான். வருடத்துக்கு ஒருமுறை எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போகிற புகைப்படக்காரர் ஒருவர் சென்னையில் இருக்கிறார். அவரோடு போனேன். பெரு நாட்டில், ஆறு திசை மாறியபோது விட்டுப்போன வளைவு ஒன்று ஏரியாக நிற்கிறது. அங்கே ராட்சத நீர்நாய்கள் குடும்பமாக வாழ்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு ஆள் நீளம். கழுத்தில் வெள்ளைத் திட்டுகள். ஒன்றின் திட்டு இன்னொன்றுக்கு இருக்காது. அதை வைத்தே எங்கள் வழிகாட்டி ஒவ்வொன்றையும் அடையாளம் சொல்வார். இரண்டு படகுகளைப் பலகையால் சேர்த்துக் கட்டி, அதன் மேல் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். மூன்றாம் நாள் நீர்நாய்கள் வந்தன. எனக்கு முன்னால் இருந்தவரின் தொப்பி மறைத்தது. எழுந்து நின்றேன். பலகை கிறீச்சிட்டது. அவ்வளவுதான், தண்ணீரில் வளையங்கள் மட்டும் மிஞ்சின. பயணம் முடிகிற வரை அவை திரும்பி வரவே இல்லை. மற்ற ஏழு பேரும் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பலகைச் சத்தம் என்னை விடவில்லை. அலுவலகத்தில் பாலிசிப் படிவத்தைச் சரிபார்க்கும்போதும் தலைக்குள் கிறீச் என்று கேட்கும். மூன்று வருடம் புலம்பியிருப்பேன். ஒருநாள் என் கணவர், “இன்னொரு தடவை போயி அந்த நாயைப் பாத்துட்டு வந்துடும்மா. உன் புலம்பலைக் கேட்டு எனக்கே அது கனவுல வருது” என்றார்.

ஆனால் இடம் கிடைத்தது நவம்பர் கடைசியில். நாங்கள் இருப்பது முடிச்சூர். 2015 வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் யாரும் நவம்பர், டிசம்பரில் ஊருக்குப் போவதில்லை. கல்யாணமாக இருந்தாலும் காலையில் போய்விட்டு மாலையில் திரும்பிவிடுவார்கள். ஐப்பசி பிறந்ததும் ஃபிரிட்ஜைக் கான்கிரீட் கல் மேல் ஏற்றுவோம். பத்திரங்களும் மாத்திரைகளும் மாடி அறைக்குப் போகும். தெரு வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் காலையும் மாலையும் ஏரிக்கரைப் படிக்கட்டைப் படம் எடுத்துப் போடுவார். எத்தனை படி மூழ்கியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எங்களுக்கு அடுத்த வேலை. இந்த மாதத்தில் வீட்டை விட்டுப் போவது, அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஊருக்குப் போகிற மாதிரி. நானே அப்படிப் போனவர்களைத் திட்டியிருக்கிறேன்.

“நான் இருக்கேன்ல” என்றார் அவர். அதற்கு மேல் பேச்சில்லை.

மூன்று விமானம், ஒரு வேன், ஒரு படகு. தங்குமிடம் ஆற்றோரத்தில் உயரமான மரக்கால்களின் மேல் இருந்தது. போய்ச் சேர்ந்த அன்றே மழை பிடித்தது. பழக்கத்தில் என் பைகளையெல்லாம் தூக்கிக் கட்டில் மேல் வைத்தேன். செருப்பையும் வைத்தேன். என்னோடு அறையில் தங்கியிருந்த பெங்களூர்ப் பெண் பார்த்துச் சிரித்தாள். போன முறை வந்த அதே வழிகாட்டிதான் இந்த முறையும். என்னைவிடச் சின்னவர், அந்த ஆற்றங்கரையிலேயே பிறந்தவர். ஒவ்வொரு வருடமும் ஆறு மேலேறித் தன் வீட்டுக் கடைசிப் படி வரை வரும் என்றும், படகைக் கொண்டுவந்து வாசலில் கட்டிக்கொள்வோம் என்றும் ஆங்கிலத்தில் சாவகாசமாகச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. வெள்ளத்தை விருந்தாளி போலப் பேசுகிற மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வைஃபை சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும், மாலையில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்காகப் பகல் முழுக்கக் காத்திருந்தேன். விசிறி மாதிரிக் கொண்டை வைத்த பறவைகள் தலைக்கு மேல் கத்தின. குரங்குகள் கிளை விட்டுக் கிளை போயின. எடுத்த படத்தில் பாதி கலங்கலாக இருந்தது. மனது தெருக் குழுவில் வந்த படிக்கட்டுப் படத்தில் இருந்தது. வங்கக் கடலில் ஒரு புயல் நின்றுகொண்டிருந்தது. முதல் நாள் நான்கு படி. அடுத்த நாள் ஏழு. அதற்கடுத்த நாள், “கரை தெரியல” என்று ஒரு வரி. அதன் பிறகு குழுவில் ஒன்றுமே இல்லை.

வெளியூர்க்காரர்களுக்கு அந்த மௌனம் புரியாது. எங்கள் குழுவில் எப்போதும் யாராவது காலை வணக்கமாவது போட்டுக்கொண்டிருப்பார்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் கரண்டு போய், போன்கள் அணைந்து, எல்லோரும் மாடியில் இருக்கிறார்கள் என்று பொருள்.

மறுநாள் ஏரியில் இருந்தபோது என்னால் முடியவில்லை. திரும்பிவிடலாம் என்று சொன்னேன். படகில் ஏறிவிட்டால் எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் திரும்புவது என்று ஏற்பாடு. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன். கடைசியில் பெங்களூர்ப் பெண், “போலாம், அவங்க மனசு இங்க இல்ல” என்றாள். திரும்பினோம். என்னால் இரண்டாவது முறையாக எட்டுப் பேரின் ஒரு நாள் போனது.

மாலையில் வைஃபை வந்ததும் என் கணவரிடமிருந்து ஒரு படமும் ஒரு செய்தியும் இறங்கின. “மழை விட்டாச்சு. வீடு காஞ்சு கிடக்கு. நீ கவலைப்படாம போட்டோ எடு.” படத்தில் எங்கள் கூடம். தரை பளிச்சென்று இருந்தது. ஃபிரிட்ஜ் கல் மேல் நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மேசையில் இருந்தவர்களிடமெல்லாம் போனைக் காட்டினேன். பகலில் முகம் கொடுக்காதவர்கள்கூட முதுகில் தட்டினார்கள்.

படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தப் படம் கையில் கிடைத்தாலும் இரண்டு விரலால் பெரிதாக்கி, மூலை முடுக்கெல்லாம் கூர்மையாக இருக்கிறதா என்று பார்ப்போம். எல்லோரும் எழுந்து போன பிறகு நானும் அப்படிப் பார்த்தேன். சாப்பாட்டு மேசை நாற்காலிக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிறப் பை பாதி தெரிந்தது. பட்டையில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. விமான நிலையத்தில் அடையாளம் தெரிய நானே கட்டிய நூல்.

அந்தப் பை அப்போது என் மடியில் இருந்தது.

போன மாதம் ஃபிரிட்ஜை ஏற்றிய அன்று தன் தம்பிக்குக் காட்ட எடுத்த படத்தை அனுப்பியிருக்கிறார். முப்பது வருடமாக ஒரு தபாலைக்கூட மாற்றிப் போடாத மனிதர். பொய் சொல்லவும் ஒரு பழக்கம் வேண்டும், அது அவருக்கு இல்லை. வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்பது எனக்கு உறுதியாகத் தெரிந்தது. எவ்வளவு என்று தெரியவில்லை. போன் போட்டேன், போகவில்லை.

பத்து வரி அடித்தேன். எவ்வளவு தண்ணி, மாடிக்குப் போனீங்களா, பிரஷர் மாத்திரை எடுத்து வெச்சீங்களா, யாரு கூட இருக்காங்க. எல்லாவற்றையும் அழித்தேன். பிறகு “சரி, நல்லது” என்று மட்டும் அனுப்பினேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பிறகு நிறையக் காரணம் கட்டியிருக்கிறேன். கிளம்பினாலும் நான்கு நாளுக்கு முன் போய்ச் சேர முடியாது. நான் பதறினால் அவர் என்னையும் சேர்த்துச் சமாளிக்க வேண்டியிருக்கும். எல்லாம் சரியான காரணங்கள்தான். ஆனால் அன்று அந்த மேசையில் இருந்தபோது அவற்றில் ஒன்றும் என் மனதில் இல்லை. மறுநாள் ஏரிக்குப் போகிற கடைசி நாள். எனக்கு நீர்நாய் வேண்டும். அதுதான் இருந்தது. தெரிந்துவிட்டது என்று சொன்னால், போக முடியாது.

மறுநாள் காலை மழை இல்லை. ஏரி மேல் ஆவி நின்றது. பலகையில் என் இடத்தில் உட்கார்ந்தேன். அரை மணியில் கரையோரப் புதரிலிருந்து ஒரு சீறல் கேட்டது. ஒரு தலை. பிறகு இரண்டு. பிறகு குடும்பமே வந்தது. ஆறு நீர்நாய்கள், கழுத்தை நீட்டி எங்களையே பார்த்தன. பெரியது ஒன்று மீனைத் தலையிலிருந்து கடித்துத் தின்றது. அதன் பல்லில் எலும்பு நொறுங்குகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. குட்டி ஒன்று பக்கத்தில் வந்து கத்திக் கத்திப் பிடுங்கிக்கொண்டது. நான் அசையவில்லை. முன்னால் இருந்தவரின் தொப்பி மறைத்தபோதும் அசையவில்லை, அது விலகுகிற வரை இருந்தேன். என் வாழ்நாளில் நான் அப்படி உட்கார்ந்ததில்லை. வெயில் ஏறிய பிறகு வழிகாட்டி என் பக்கம் திரும்பி, இன்று உனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். அப்போதுதான் முடிச்சூர் நினைவுக்கு வந்தது. அவ்வளவு நேரம் அது எனக்கு இல்லவே இல்லை. வெட்கமாக இருந்தது. படம் கிடைத்த சந்தோஷமும் அதோடு சேர்ந்தே இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

திரும்பும் வழியில் ஒரு விமான நிலையத்திலிருந்து என் கணவரிடம் பேசினேன். குரல் நன்றாகத்தான் இருந்தது. “எல்லாம் சரியா இருக்கு, நீ பத்திரமா வா” என்றார். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

சென்னை விமான நிலையத்தில் ஆட்டோ ஏறி முடிச்சூர் என்றதும் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். “இன்னாம்மா, ஊர்லயே இல்லியா நீ? உள்ள இன்னும் சேறு கீது. வண்டி மாட்டிக்கினா பேஜாராப் பூடும். மெயின் ரோட்லயே எறக்கி வுட்டுர்றேன்” என்றார். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். தெரு முழுக்க நாற்காலியும் மெத்தையும் வெயிலில் கிடந்தன. எங்கள் வீட்டு வாசலில் அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளுகட்டையால் சேற்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். சுவரில் இடுப்பளவுக்குக் கோடு விழுந்திருந்தது. ஃபிரிட்ஜ் மல்லாந்து கிடந்தது. ஆள் இளைத்திருந்தார். முகத்தில் ஐந்து நாள் தாடி.

“இவளுக்கு ஒண்ணுமே தெரியாது, அப்படியே சமாளிச்சுட்டேன்” என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் பெருமையாகச் சொன்னார். அந்த அக்காவும், “அண்ணா கெட்டிக்காரரு” என்றார். நான் புடவையைச் செருகிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தேன். வேலை ஓயவில்லை. மூன்று நாள் கழுவினோம்.

நான்காம் நாள் மாலை மாடி அறையில் உட்கார்ந்து நீர்நாய்ப் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்தார். குட்டி மீனைப் பிடுங்குகிற படத்தில் நின்றார். “இது எப்ப எடுத்த?” என்றார். எந்த நாள் என்று சொன்னேன். சொன்ன பிறகு என்னால் இருக்க முடியவில்லை.

“எனக்கு அன்னிக்கே தெரியுங்க. நீங்க அனுப்பினது பழைய படம்னு முந்தின சாயங்காலமே தெரியும். தெரிஞ்சேதான் போனேன்” என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

அவர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எனக்கும் தெரியும். நம்பியிருந்தா நீ பத்துக் கேள்வி கேட்டிருப்ப. ‘சரி, நல்லது’ன்னு ரெண்டே வார்த்தை வந்துச்சு. நீ கண்டுபுடிச்சுட்டன்னு புரிஞ்சுது.”

“அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?”

கீழே யாரோ வாளியை உருட்டினார்கள்.

“இத்தனை வருஷமும் நீ பதறுவ, நான் ஒண்ணுமில்லம்மான்னு சொல்லுவேன். சொல்லிச் சொல்லியே எனக்கும் ஒண்ணுமில்லன்னு ஆயிடும்” என்றார். “அந்த ரெண்டு வார்த்தையைப் பாத்தேன். கீழ தண்ணி ஏறிக்கிட்டே இருந்துச்சு. ஒண்ணுமில்லம்மான்னு சொல்றதுக்கு ஆளில்ல. அப்பதான் எனக்குக் கை காலெல்லாம் நடுங்க ஆரம்பிச்சுது.”