இடது பக்கம் காலியாக இருந்தது

பந்தாட்டத்தில் பயிற்சி கொடுக்க ஒருவர் போதாது, அவருக்குக் கீழே இரண்டு பேர் வேண்டும், அந்த இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்க ஏழு பேர் வேண்டும் என்பதெல்லாம் என் மகன் மூலமாகத்தான் எனக்குத் தெரிந்தது.

ஆரணியில் பட்டு நெய்து பிழைக்கும் எங்கள் குடும்பத்தில் பந்து உதைக்கப் போனவன் அவன் ஒருவன்தான். சென்னையில் ஒரு ஆபீஸ் டீமில் ஆடினான். முட்டி போன பிறகு அந்த டீமுக்கே கோச் ஆனான். இரண்டாயிரம் பிறந்து சில வருடம் கழித்து, நாட்டு டீமுக்கு ஒரு வெள்ளைக்காரரை மேனேஜராகக் கூட்டி வந்தார்கள். நம் ஆட்கள் தோற்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்க அவ்வளவு தூரத்திலிருந்து ஒருவர் வந்தாரே என்று எனக்கு அவர் மேல் மரியாதைதான்.

அவருக்கு உதவிக் கோச்சாக நம் நாட்டு ஆட்கள் இருவரைப் போட வேண்டும் என்று பட்டியல் எடுத்தார்கள். ஐந்து பேர். அதில் என் மகனும் உண்டு. அவனுக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. இதை விட்டால் அடுத்தது கிடையாது என்று அவனே சொன்னான்.

மற்ற நால்வரைப் பற்றியும் சொன்னான். ஒருவர் பந்தாட்டச் சங்கத்துப் பெரியவரின் மருமகன். போட்டோவில் பந்தை நன்றாகப் பிடித்துக்கொண்டு நிற்பாராம். ஒருவர் ஓய்வு பெற்று வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர். எழுப்பிக் கூட்டி வந்தார்களாம். இன்னொருவருக்கு இங்கிலீஷ் பிரமாதமாக வரும், ஆட்டம்தான் வராது. நாலாமவர் வடகிழக்கு மலைப் பக்கத்து ஆள், வாயே திறக்க மாட்டார். அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை என்றான். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

செய்தி தெருவுக்குத் தெரியாமல் போய்விடப் போகிறதே என்று நானே நாலு வீட்டில் சொல்லி வைத்தேன். எதிர் வீட்டுக்காரி விசாரிக்க வந்தாள்.

"இன்னாக்கா, உங்க புள்ள வெள்ளக்காரருக்கு எடுபிடியா போவுதாமே?"

"எடுபிடி இல்லடி. உதவிக் கோச்சு."

"அதுக்கு இன்னா வேலை?"

"அவரு சொல்றத ஆடறவங்களுக்கு எடுத்துச் சொல்லணும்."

"அவரே சொல்லிக்கினா ஆவாதா?"

"உங்க ஊட்டுக்காரரு சொல்றத நீ தெருவுல வந்து சொல்றல்ல, அந்த மாதிரிதான். இதுக்குச் சம்பளம் குடுக்கறாங்க, அவ்ளோதான்."

இன்டர்வியூவுக்கு நாலு நாள் முன்னால் நாட்டு டீமின் ஆட்டம் டிவியில் வந்தது. மகன் ஊருக்கு வந்திருந்தான். நானும் என் நாத்தனாரும் தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தோம். எங்கள் புடவைக்கு உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நான் தறியில் உட்கார்ந்து நெய்தால், இடது கரைக்கு அவள் ஓரத்தில் உட்கார்ந்து கரை நூல் வைத்த தனி நாடாவைத் தள்ளுவாள். அந்தக் கோடியில் இழை விட்டுப்போனால் எனக்குத் தெரியாது, அவள்தான் சொல்ல வேண்டும். இருபது வருடமாகச் சொன்னாள். ஒரு நாள்கூட மரியாதையாகச் சொன்னதில்லை.

அவள்தான் முதலில் பார்த்தாள். "அண்ணி, இடது பக்கம் பாருங்க. ஒருத்தன் முன்னால ஓடிகினே இருக்கான், திரும்பி வரவே மாட்றான்."

அவன் விட்டுப்போன இடத்தில் எதிர் டீம்காரர்கள் கல்யாணத்துக்கு வருவது போல நிதானமாக வந்து கோல் போட்டார்கள். இரண்டு தடவை.

"அந்தத் தொரைக்கு இது தெரியலையாடா?" என்று மகனைக் கேட்டேன்.

"அதத்தாம்மா நானும் சொல்லிகினு இருக்கேன். அவன முன்னால அனுப்புனா பின்னால ஒரு ஆள நிறுத்தணும். நான் இருந்தா மொத நாளே சொல்லிருப்பேன்."

கிளம்புகிற அன்று படவேட்டு அம்மன் குங்குமத்தை வைத்துவிட்டுப் புத்தி சொன்னேன்.

"அங்க போயி அந்த இடது பக்கத்துக் கதையெல்லாம் எடுக்காத. வேலை கேட்டுப் போற எடத்துல யாராவது பெரியவரக் குத்தம் சொல்லுவாங்களா? கேட்டா, எல்லாம் நல்லாத்தான் இருந்திச்சி சார்னு சொல்லு."

"அவரு வெளிநாட்டு ஆளும்மா."

"எந்த நாடா இருந்தா இன்னா? மொதலாளி மொதலாளிதான்."

நான் கண்ட முதலாளிகள் அப்படி. நெய்யப் பாவு நூல் வாங்கப் போகும்போது முதலாளி எடுத்த நிறம் கண்ணைக் குத்தினாலும், "அமோகமா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வாங்கி வருவோம். எத்தனையோ கண்றாவி நிறத்தைப் புகழ்ந்து வேலை வாங்கியவள் நான். அந்த அனுபவத்தை மகனுக்குச் சும்மா கொடுத்தேன்.

முடிவு தெரிந்து ஊருக்கு வந்தவன் நடந்ததைச் சொன்னான். இன்டர்வியூவில் ஏழு பேர் சுற்றி உட்கார்ந்து பிஸ்கட் தின்றார்களாம். மேனேஜர் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, அதே ஆட்டத்தை டிவியில் போட்டு, கோல் விழுந்த இடத்தில் நிறுத்தி, "இதில் நான் செய்த தப்பு என்ன?" என்று கேட்டிருக்கிறார். வெளியே டீ குடிக்கும்போது உள்ளே என்ன சொன்னோம் என்று பேசிக்கொண்டார்களாம். மருமகன் தப்பே இல்லை என்றாராம். தூங்கி எழுந்தவரும் அதையே சொன்னாராம். இங்கிலீஷ்காரர் அதையே அரை மணி நேரம் சொன்னாராம். மலைப் பக்கத்து ஆள் உள்ளேயும் எதுவும் பேசவில்லை என்று பிஸ்கட் தின்ற ஒருவர் பிறகு சொன்னாராம். எழுந்து போய் டிவியின் இடது பக்கத்தில் விரலை வைத்தாராம்.

அவரை மேனேஜர் எடுத்துக்கொண்டார். இன்னொரு இடத்துக்கு மருமகனைச் சங்கம் எடுத்துக்கொண்டது. மேனேஜருக்கு அதைக் கடிதத்தில் தெரிவித்தார்களாம், அந்த மட்டும் மரியாதை.

"நீ இன்னாடா சொன்ன?" என்று கேட்டேன்.

"நீ சொல்லி அனுப்புனதத்தான் சொன்னேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம், அவனுக்கு இந்தி வராது, அதனால் கிடைக்கவில்லை என்று சொன்னேன். எதிர் வீட்டுக்காரி நம்பினாள். நாத்தனார் நம்பவில்லை. மறுநாள் தறியில் உட்கார்ந்ததும், "அண்ணி, இந்தப் பக்கம் ரெண்டு இழை உட்டுப் போச்சி. சொல்லலாமா, இல்ல அமோகமா இருக்குதுன்னுட்டுப் போவட்டுமா?" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டு இழையைக் கட்டினேன். என் வாழ்க்கையில் அது நடந்தது அந்த ஒரு தடவைதான்.

மறு வருடம் என் மகன் தன் ஆபீஸ் டீமுக்கே ஒரு உதவிக் கோச் தேட வேண்டி வந்தது. யாரைப் போடலாம் என்று போனில் கேட்டான். கேட்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"உன் மூஞ்சிக்கு நேரா குத்தம் சொல்றவனா பாத்துப் போடு" என்றேன்.

"அப்ப நம்ம அத்தையத்தாம்மா கூப்புடணும்."

என்னைச் சொல்லுவான் என்று நினைத்திருந்தேன். போனை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டுத் தறிக்குப் போனேன்.